பட்டனைத் தட்டிவிட்டு படுக்கப் போகலாமா?

அடுப்பைப் பற்றவைத்தவர் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். நம்ம ஊர்ப் பாட்டிமார் போட்ட சட்டம் இது. இதை மீறி கோழியைக் கோட்டை விட்டார் ஒரு அமெரிக்கர். அந்தக் கோழி கருகியதில் பிறந்ததுதான் "பெல்லட் கிரில்" என்ற அடுப்பு!

1985-ம் ஆண்டு ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூர். அங்கே ஜோ டிரேகர் என்பவர் கேஸ் அடுப்பில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். மனுஷன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போனார். திரும்பி வந்து பார்த்தால்... அடுப்பு பூராவும் தீ! கோழி கரிக்கட்டை!

இது அவர் பெயரில் உள்ள கம்பெனி சொல்லிக்கொள்ளும் கதை. குடும்பத் தொழிலோ வீட்டைச் சூடாக்கும் அடுப்பு வியாபாரம். அந்த அடுப்பில் எரிக்கிற மரத்தூள் குச்சியை வைத்தே கறி சுட்டால் என்ன என்று யோசித்தார். 1986-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். 2006-ல் அது முடிந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளுக்கு ஆள் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மகன் டல்லாசில், மகள் நியூஜெர்சியில் என்று இருக்கும் குடும்பங்கள் நம்ம ஊரில் தெருவுக்கு நாலு. அந்தப் பிள்ளைகளின் கொல்லைப்புறத்துக்கும் இந்த அடுப்பு வந்தாச்சு. "கரி ஊத வேண்டாம், விசிற வேண்டாம். பட்டனைத் தட்டிட்டு தூங்கப் போகலாம்" என்று போனில் பெருமை அடிக்கிறார்கள்.

வில்லங்கமே அந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது!

உள்ளே என்ன நடக்கிறது?

பெல்லட் என்றால் மரத்தூளை இறுக்கிப் பிழிந்த சின்னக் குச்சி. மாட்டுத் தீவனக் குச்சி மாதிரியே இருக்கும். பசை கிடையாது. சூட்டிலும் அழுத்தத்திலும் மரத்தில் உள்ள சத்தே இளகி ஒட்டிக்கொள்ளும். 9 கிலோ மூட்டையாக விற்கிறார்கள்.

அடுப்பின் பக்கத்தில் ஒரு தொட்டி. அதில் குச்சியைக் கொட்டினால், அடியில் ஒரு திருகு சுற்றிச் சுற்றி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். நடுவில் டம்ளர் அளவில் ஒரு தீக்கிண்ணம். மின்சாரக் கம்பி பழுத்து குச்சியைப் பற்றவைக்கும். விசிறி காற்று ஊதும். சூடு குறைந்தால் திருகு வேகமாகச் சுற்றும், கூடினால் மெதுவாகச் சுற்றும். கறி நேராகத் தீயில் படாது. புகையிலும் அனலிலும் வேகும்.

ருசியைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் பாவம்! டெக்சாஸ்காரர்கள் மாட்டின் நெஞ்சுக்கறியை 107 டிகிரி செல்சியசில் 12 மணி நேரம்கூட வைத்திருப்பார்கள். பாதி வழியில் 65, 70 டிகிரியில் கறியின் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் முரண்டு பிடிக்கும். கறியில் இருக்கும் ஈரம் ஆவியாகி அதைக் குளிர வைப்பதுதான் காரணம். புதுசாகச் செய்கிறவர் அடுப்பு கெட்டுவிட்டது என்று பதறுவார். பொறுத்தால் 95 டிகிரி வாக்கில் கறி வெண்ணெயாக இளகிவிடும்.

இத்தனை மணி நேரம் யார் காவல் இருப்பது? அதனால்தான் "தூங்கப் போகலாம்" என்ற பேச்சே எடுபடுகிறது. ஆள் விட்டுப் போனதால் கருகிய கோழியில் பிறந்த அடுப்பு, ஆளை விட்டுப் போகச் சொல்லியே விலை போகிறது! விளம்பரம் ஒன்று சொல்ல, கூட வரும் புத்தகமோ "எரியும்போது விட்டுப் போகாதே" என்கிறது. புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

"டப்" என்று ஒரு சத்தம்

குச்சி நமத்துப் போனது என்று வையுங்கள். ஊதிப் பெருத்து மறுபடி தூளாகி திருகை அடைத்துக்கொள்ளும். அல்லது போன தடவை சாம்பலை அள்ளவில்லை. எப்படியோ நடுராத்திரி தீ அணைந்துவிடுகிறது. மிஷினுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: சூடு குறைகிறது. உடனே குச்சியைத் தள்ளு, தள்ளு என்று தள்ளும். தீக்கிண்ணம் நிரம்பி வழியும்.

காலையில் எழுந்தவர் "அடடா, அணைஞ்சு போச்சே" என்று மறுபடி பட்டனைத் தட்டுகிறார். குவிந்து கிடக்கும் குச்சி முதலில் கனத்த வெள்ளைப் புகையைக் கக்கும். புகை பெட்டிக்குள் நிறையும். ஒரு பொறி பட்டால் "டப்"! மூடி தூக்கி அடிக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் புருவம் என்ன ஆகும்? தீ அணைந்தால் ஒயரைக் கழற்றி, ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். 

கரண்ட் போனாலும் ஆபத்துதான். விசிறி நின்றுவிடும். கிண்ணத்துத் தீ, திருகு வழியே தொட்டிப் பக்கம் மெல்ல ஊர்ந்து வரலாம். கொழுப்பு வடிந்து தேங்கினால் அதுவும் பற்றும். அப்போது மூடியைத் திறக்கவும் கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது.

அமெரிக்காவில் வீட்டு கிரில் தீ என்று தீயணைப்பு வண்டிகள் ஓடுவது ஆண்டுக்கு சுமார் 10 ஆயிரம் தடவை. அதிலும் ஜூலையில்தான் அதிகம். பெரும்பாலும் கேஸ் அடுப்பு என்பது உண்மை. ஆனால் காரணங்களைப் பாருங்கள்: துடைக்காமல் விட்டது, ஆள் இல்லாமல் விட்டது. இதில் கேஸ் என்ன, பெல்லட் என்ன?

சத்தமில்லாத எமன்

மழை வந்தால், பனி கொட்டினால் அடுப்பை கார் ஷெட்டுக்குள் தள்ளிவிடுகிற ஆசாமிகளும் உண்டு. "கதவைத் திறந்துதானே வச்சிருக்கோம்" என்பார்கள். இதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது!

மரம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை கிறுகிறுக்கும். தூக்கம் வருகிறது என்று நினைத்துக் கண்ணை மூடியவர் அப்புறம் எழுந்திருக்க மாட்டார். அமெரிக்கா வரை போவானேன்? 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரி அடுப்பு இருந்த அறையில் தூங்கிய 2 வாலிபர்கள் பிணமாகக் கிடந்தார்கள். கறி சுடக் கொண்டு போன அடுப்பு அது.

இந்தக் குச்சி எரியாமல் கிடந்தாலும் அந்த வாயு கசியும் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் 2010-லும், சுவிட்சர்லாந்தில் 2011-லும் குச்சி கொட்டி வைத்த அறைக்குள் போனவர்கள் செத்திருக்கிறார்கள். அது டன் கணக்கில் கொட்டும் கிடங்கு. 9 கிலோ மூட்டைக்கு யாரும் பயந்து நடுங்க வேண்டாம்.

அடுப்பை வாங்கியவர்கள் திறந்தவெளியில், வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைக்கட்டும். 12 மணி நேர வேலையை ராத்திரியில் ஆரம்பிக்காமல் விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் சாயங்கால விருந்துக்குச் சரியாக இருக்கும். ஒரு நாற்காலியைப் போட்டு முறை வைத்து உட்காரலாமே. கறிக்கடைக்கு வரிசையில் நிற்கிற ஜனம்தானே நாம்! நம்மவர்களுக்குக் கோழித் தொடைதான் பிடிக்கும் என்றால் வேலை இன்னும் சுலபம். 2 மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மிஷின் காட்டும் எண் பெட்டியின் சூடு. கோழியின் சூடு அல்ல. கறிக்குள் வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி வந்ததா என்று பார்க்காமல் பிள்ளைகளுக்குப் பரிமாறக் கூடாது.

இன்னொன்று. கறி வெந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கிண்ணத்தில் மிச்சம் கனன்றுகொண்டிருக்கும். நிறுத்தும் பட்டனைத் தட்டி, மிச்சக் குச்சி எரிந்து முடிந்து விசிறி தானாக நிற்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். 10, 15 நிமிடம் ஆகும். அதற்குள் கோழி ஒன்றும் ஆறிப்போகாது.