எழுத்து ஆறு... இடம் பன்னிரண்டு!

மூன்றாமாண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை



"எந்த ஃப்ரேம்வொர்க் படிச்சா வேலை கிடைக்கும்?" நம்ம லேப் வாசலில் தினமும் காதில் விழும் கேள்வி இது. காந்திபுரத்தில் தொங்கும் பயிற்சி நிலைய போர்டுகளும் இந்தக் கேள்வியை நம்பித்தான் தொங்குகின்றன. கேள்வி தப்பில்லை. அதை முதல் கேள்வியாகக் கேட்பதுதான் தப்பு என்பது என் தாழ்மையான கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்க அப்பா பேரைப் பாதியில் வெட்டிவிட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்பா மதுக்கரையில் லாரிக்கு சிமென்ட் மூட்டை ஏற்றுகிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் நம் துறையில் பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்க, பெயர்களைத் தமிழில் வாங்க ஒரு வலைப்பக்கம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை! ஒரு ஃப்ரேம்வொர்க்கில் கிடைத்த ரெடிமேட் படிவத்தை அப்படியே எடுத்துப் போட்டேன். கார்டில் இடம் கம்மி. தமிழ்ப் பெயருக்குப் பத்து எழுத்து தாராளம் என்று பெயர்க் கட்டத்துக்கு 10 என வரம்பும் வைத்தேன். 'முருகன்' என்று அடித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. அப்பா ரெண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அம்மிணி... எம் பேருல ஊட்டுக்கு வந்த மொத பத்திரிகை இது. கடைசி எழுத்தக் காணமே?" என்றார். வெள்ளிங்கிரி என்ற பெயர் 'வெள்ளிங்கி' என்று அச்சாகியிருந்தது. இன்னொருத்தர் வீட்டில் சுப்பிரமணியம் 'சுப்பிரமணி' ஆகியிருந்தார். அது பார்க்க முழுப் பெயர் போலவே இருந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை!

மறுநாள் லேபில் உட்கார்ந்து எஃப்12 பட்டனை அழுத்தினேன். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ் திறந்தது. அதில் கன்சோல் என்ற பகுதியில் அப்பா பெயரைக் கொடுத்து அதன் 'லெங்த்' கேட்டேன். 12 என்றது! நாம் எண்ணினால் வெ, ள், ளி, ங், கி, ரி என ஆறு எழுத்து. ஆனால் யூனிகோடில் 'வெ' என்பது வ ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று என இரண்டு குறியீடு. 'ள்' என்பதும் ள ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. ஆக ஆறு எழுத்துக்குப் பன்னிரண்டு இடம். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துக்கே 5 என்றுதான் கணக்குச் சொல்கிறது. நான் 'பத்து எழுத்து' என்று நினைத்து வைத்தது உண்மையில் பத்துக் குறியீடு. முருகனுக்கு ஏழே குறியீடு. அதனால்தான் அவர் தப்பித்தார்!

அதே டூல்ஸில் வரம்பை 10-லிருந்து 60 ஆக மாற்றி அங்கேயே அடித்துப் பார்த்தேன். முழுப் பெயரும் வந்தது. உண்மையிலேயே எழுத்தை எண்ண வேண்டுமென்றால் அதற்கு 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அது அப்பா பெயருக்கு 6 என்று சரியாகச் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் ஆன செலவு பத்து நிமிஷம். காசு ஒரு பைசா இல்லை.

நண்பர்களே! அன்றாட வலைப்பக்க வேலைக்கு முதலில் கை பழக வேண்டிய கருவிகள் மூன்றே மூன்று. ஒன்று, எழுத ஒரு எடிட்டர். வி.எஸ். கோட் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நம் லேபின் பழைய மெஷின் அதைத் தாங்காது என்றால் நோட்பேடே போதும், யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் தமிழ் கெடாது. இரண்டு, நான் மேலே சொன்ன டெவலப்பர் டூல்ஸ். பக்கம் சின்ன செல்போனில் எப்படித் தெரியும், நெட் மெதுவாக வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அதிலேயே பார்த்துவிடலாம். மூன்று, கிட். லைனக்ஸ் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. 'ப்ராஜெக்ட் ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று பென் டிரைவில் ஃபோல்டர் குவிக்கும் நமக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. எந்த நாளில் எந்த வரியை மாற்றினோம் என்று காட்டும். பழையபடி திரும்பவும் வைக்கும். நெட் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும்.

"இதெல்லாம் சரி, கம்பெனிக்காரன் ஃப்ரேம்வொர்க்தானே கேக்கறான்?" என்பீர்கள். கேட்கிறான்தான். படிப்போம், ஆனால் அடுத்தபடியாகப் படிப்போம். 2010-ல் வந்த ஆங்குலர் ஜே.எஸ். ஒரு காலத்தில் எல்லோரும் ஓடி ஓடிப் படித்தது. 2021 முடிவோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஆனால் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய உலகின் முதல் வலைப்பக்கம் இன்றைய பிரவுசரிலும் அழகாகத் திறக்கிறது! அடிப்படை ஹெச்.டி.எம்.எல். தெரிந்தவனுக்குப் படிப்பு வீணாவதில்லை. அந்த செர்ன்தான் 1993 ஏப்ரல் 30-ல் வலை நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே விட்டுக்கொடுத்தது. மூட்டை தூக்குகிறவர் மகளும் எழுதலாம் என்பது அதற்குள் அடங்கியதுதானே?

"இப்ப ஏ.ஐ.யே கோட் எழுதித் தருதே" என்போரும் உண்டு. தரட்டும். 'பெயருக்குப் பத்து எழுத்து போதும்' என்று நானே சொன்னால் அதுவும் பத்து என்றுதான் எழுதித் தரும். வெள்ளிங்கிரி என்ற பெயரை அடித்துச் சோதிக்க வேண்டும் என்று தோன்ற வேண்டியது நமக்குத்தான்.

தலையில் மூட்டை ஏற்றும் முன் சும்மாடு கட்டப் பழகு என்பார் அப்பா. சும்மாடு சரியில்லாவிட்டால் எத்தனை பலசாலிக்கும் கழுத்து பிடித்துக்கொள்ளுமாம். நமக்கு இந்த மூன்று கருவிகளும்தான் சும்மாடு.

கடைசியாக, நம் மாணவர் பேரவைக்கு இரண்டு கோரிக்கை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத நம் போன்றோருக்காக, வாரத்தில் மூன்று நாளாவது வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் லேபைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். இனி நம் கல்லூரி விழாக்களுக்கு எந்தப் படிவம் செய்தாலும் முதலில் நம் அப்பா, அம்மா பெயர்களைத் தமிழில் அடித்துச் சோதித்த பிறகே வெளியிடுவோம் என்று ஒரு முடிவும் எடுங்கள்.

பெயர் வெட்டுப்பட்ட எல்லோருக்கும் புது அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தோம். அப்பா பழையதைத் தூக்கிப் போடவில்லை. புதியதோடு சேர்த்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "இருக்கட்டும் அம்மிணி, நீ படிக்கறதுக்கு அது ஒரு பாடம்" என்கிறார். எனக்கு மட்டுமல்ல... நம் எல்லோருக்கும்தான்!