வேகத்துக்குப் பூட்டு, நட்டுக்கு?

நியூயார்க் மாநகரம் 2025 அக்டோபரில் மின்சைக்கிள்களுக்கு மணிக்கு 15 மைல் என்று வரம்பு விதித்தாலும் விதித்தது, ‘இங்கேயும் கடிவாளம் போடுங்கள்’ என்று கிளம்பிவிட்டார்கள். 15 மைல் என்பது 24 கிலோமீட்டர். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 25 என்ற எண் எப்போதோ ஏறிவிட்டது. இல்லாததைக் கேட்டாலாவது பரவாயில்லை, இருப்பதையே கேட்கிறார்கள்.

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். ஆனால், இதையெல்லாம் அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பு ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

தெருவில் நடப்பது என்ன? பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். ஹப்பிலேயே மோட்டார் வைத்த சக்கரத்தை மாட்டி, கேரியரில் பேட்டரியைக் கட்டி, நட்டை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். சோதனைக் கூடத்தின் வாசலை அந்த வண்டி மிதித்ததே இல்லை. பல கன்ட்ரோலர்களில் வேகத்தைக் கட்டிவைப்பது ஒற்றை ஒயர். அதைப் பிடுங்கினால் உங்கள் 25 காற்றில் போய்விடும். 25-ல் போகிற வண்டி 40-ல் போனால் மோதும் ஆற்றல் இரண்டரை மடங்கு. 50-ல் போனால் நான்கு மடங்கு. பிடித்து நிறுத்த இருப்பதோ, மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் வழுக்கும் அதே பழைய பிரேக் கட்டை.

வேகத்தையும் விடுங்கள். நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சலித்த கணக்கு ஒன்று உண்டு. சாதாரண ஹப் மோட்டார் புறப்படும்போது சுமார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். சக்கரம் முன்னோக்கிச் சுற்ற, அச்சு பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது, அச்சின் இருபுறமும் 10 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவிய தட்டைப் பகுதியும், அது உட்காரும் சைக்கிள் சட்டத்தின் பிளவும்தான். அந்தச் சிறு இடத்தில் விழும் விசை ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமம்! இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டாலும் பக்கத்துக்கு 200. மிதிப்பதற்கென்று செய்த சைக்கிள் இந்தத் திருகலைக் கனவிலும் கண்டதில்லை. பிளவு விரிந்தால் அச்சு சுழலும், ஒயர் அறுபடும். முன்சக்கரத்தில் மாட்டியிருந்தால் சக்கரமே கழன்று ஓடும். அப்போது நீங்கள் 20-ல் போனால் என்ன, 25-ல் போனால் என்ன?

இதைத் தடுக்க அச்சையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும் எஃகுத் துண்டு போதும். டார்க் ஆர்ம் என்பார்கள். பூட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் எடுக்கிறார்கள்?

1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ஐ நினைத்துப் பாருங்கள். அதிலும் பெடல் இருந்தது. ஆனால், யாரும் சைக்கிளில் எஞ்சினைக் கட்டித் தரவில்லை. எஞ்சினைத் தாங்குவதற்கென்றே சட்டத்தை வடிவமைத்தார்கள். இருவரும் மூட்டையுமாக அது ஊர் ஊராக ஓடியதன் ரகசியம் அதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தெரிந்த பாடத்தை இன்று ஒரு நட்டுக்கும் வாஷருக்கும் அடகு வைத்துவிட்டோம்.

‘ஏழையின் வண்டியில் கை வைக்காதே’ என்பார்கள் சிலர். ஏழையின் பல் மட்டும் உடையலாமா? ‘எல்லோருக்கும் லைசென்ஸ் கொடு’ என்பார்கள் வேறு சிலர். எட்டுப் போட்டுக் காட்டினால் அச்சு சுழலாமல் நின்றுவிடுமோ?

எண்ணில் எந்தப் புனிதமும் இல்லை. ஐரோப்பாவில் 25, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 20 மைல், கலிபோர்னியாவின் மூன்றாம் வகைக்கு 28 மைல். ஊருக்கு ஒரு கணக்கு. முறுக்குவிசைக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே கணக்கு. ஆகவே, உரிமம் ஓட்டுகிறவருக்கு வேண்டாம், பூட்டுகிறவருக்கு வேண்டும். டார்க் ஆர்ம் இல்லாமல் மோட்டார் கிட் விற்பதைத் தடைசெய்யுங்கள். மாட்டிய கடையின் முத்திரையைச் சைக்கிள் சட்டத்தில் குத்தச் சொல்லுங்கள். இதைச் செய்துவிட்டு வேக வரம்பைப் பற்றிப் பேசுங்கள். செய்யாவிட்டால், 25-ஐ 15 ஆக்கினாலும் எலும்பு முறிவு வார்டில் கூட்டம் குறையப்போவதில்லை.