தோப்புக்கு வராத புயல் எச்சரிக்கை

மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் நாட்களைக் கர்ப்போட்டம் என்பார்கள். அப்போது ஓடும் மேகத்தைப் பார்த்தே வரும் ஆண்டு மழைக்குக் கணக்குப் போடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்திரை பிறந்தால் பஞ்சாங்கம் வேறு, இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தே கொடுத்துவிடும். எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று மட்டும் சொல்லாது. அதனால் பஞ்சாங்கம் தோற்றதாக வரலாறே இல்லை.

வானிலை ஆய்வு மையத்துக்கு அந்த வசதி கிடையாது. நாளும் இடமும் சொல்லியாக வேண்டும். தப்பினால் ஊரே சிரிக்கும். அங்கே இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் பட்ட கேலி கொஞ்சமா? அந்தக் கேலியில் பாதி, அவர்கள் பேசும் மொழி நமக்குப் புரியாததால் வந்தது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால், ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும்தான் என்று பொருள். புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியில் கொட்டி, பக்கத்துக் கீரமங்கலத்தில் ஒரு சொட்டு விழாவிட்டாலும் அறிவிப்பு பலித்ததாகவே கணக்கு. விடிவதற்குள் மல்லிகை அரும்பைப் பறித்து பூ கமிஷன் கடைக்குக் கொண்டுபோகிறவருக்கு இந்தக் கணக்கு எதற்கு? ராத்திரி தன் கொல்லையில் மழை உண்டா என்பதுதான் அவர் கேள்வி. அரும்பு நனைந்தால் விலை போச்சு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புறப்பட்டவர்கள்தான் பிரதீப் ஜான், ஹேமச்சந்தர், ஆசிரியர் ந. செல்வகுமார் போன்ற தனியார் வானிலைக் கணிப்பாளர்கள். செயற்கைக்கோள் படம், ரேடார், கணினி மாதிரி எல்லாம் பொதுவில் கிடைப்பவைதான். அவற்றை ஊர்ப் பெயர் சொல்லி, பேச்சுத் தமிழில் தருகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம். கணிப்பு தவறிய மறுநாளே தவறியது ஏன் என்று சொல்கிறவரை நம்பலாம். தவறியதையே பேசாதவரை நான் ஜோசியக்காரர் கணக்கில் சேர்த்துவிடுவேன்.

சரி, கணிப்பு பலித்துவிட்டால் போதுமா? கஜா புயலை எடுத்துக்கொள்வோம். முதலில் கடலூருக்கு வடக்கே போகும் என்று சொன்னதை ஆய்வு மையம் முன்கூட்டியே திருத்தியது. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. கரையோர மக்கள் ஆயிரக்கணக்கில் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். கணிப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் கரையேறிய புயல் அங்கேயே அடங்கவில்லை. புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்து, மேற்கே போய், அரபிக்கடலில் இறங்கியது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு வட்டாரத்தில் விடிந்தபோது தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. சில மரங்கள் பாதியில் முறுக்கி ஒடிக்கப்பட்டிருந்தன. தாத்தா வைத்த பலாவும் போயிற்று. நட்ட தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். நிவாரணம் தாமதமான கோபத்தில் மறுநாள் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன.

காயை இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் மரத்தின் மேல் காற்றின் பிடி குறையும் என்பது தோப்பு வைத்திருக்கிறவருக்குத் தெரியாததல்ல. எல்லா மரத்தையும் அது காப்பாற்றியிருக்காது; சிலதைக் காப்பாற்றியிருக்கும். மரம் ஏற ஆள் பிடிக்கவே இரண்டு நாள் வேண்டும். கடற்கரைக்குச் சொன்ன அழுத்தத்தோடு தோப்புக்குச் சொல்லவில்லை என்பதே என் குறை.

இன்னொரு சிக்கல் எச்சரிக்கையின் நிறத்தில் இருக்கிறது. 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் ‘அதி கனமழை’, அதற்குச் சிவப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. 21-க்கும் 95-க்கும் ஒரே சிவப்பு என்றால் எதை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. புயல் கிழமை பார்த்து வருவதில்லை. அடுத்த முறை ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற வரிக்குக் கீழே, ‘தென்னை விவசாயிகள் நாளை மாலைக்குள் காயை இறக்கி மட்டையைக் கழித்துவிடுங்கள்’ என்ற வரியும் இருக்கட்டும். அதைக் கீரமங்கலம் பூக்கடைகளில் சொன்னாலே ஊருக்கெல்லாம் போய்ச் சேரும்.