சின்ன நாட்டுக்கு எது காவல்? காஞ்சி சொல்லும் பாடம்!

காஞ்சீபுரத்துக்குப் பட்டு வாங்க வருகிறவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

7-ம் நூற்றாண்டில் இலங்கை இளவரசன் மானவர்மன் காஞ்சிக்கு ஓடி வந்தான். பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்காகப் போர்க்களத்தில் நின்றான். பதிலுக்குப் பல்லவர் படை கப்பல் ஏறியது. முதல் தடவை தோல்வி. மறு தடவை அரியணையே கிடைத்தது! இலங்கையின் சூளவம்சமே இதைச் சொல்கிறது.

1,300 வருஷம் கழித்தும் அதே கதைதான். 1988 நவம்பர் 3-ல் மாலத்தீவுக்குள் கூலிப்படை புகுந்தது. அதிபர் கயூம் கூப்பிட்டார். அன்று இரவே இந்தியப் படை போய் இறங்கியது. ஆட்சி பிழைத்தது.

ஆபத்துக்கு ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரன்தான். அவனைப் பகைச்சுக்கிட்டா யார் வருவா?

அதற்காக அவனையே நம்பிச் சும்மா இருக்கலாமா? கூடாது. 1965-ல் தனி நாடான சிங்கப்பூர், 1967-லேயே வாலிபர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கொண்டுவந்தது.

கஜானாவும் காலியாகக் கூடாது. 2022-ல் இலங்கையில் ராணுவம் இருந்தது, டாலர் இல்லை. பெட்ரோலுக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதிபர் கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டே ஓடினார்.

காஞ்சி நெசவாளியைக் கேளுங்கள். பாவு மட்டும் இருந்தால் சேலை ஆகாது, ஊடையும் ஓடணும்.

சொந்த பலம் பாவு. அண்டை நாட்டு நட்பு ஊடை. எது அறுந்தாலும் மானம் போகும்!