பொருநைத் தாய்க்குக் கந்தலா?

பொருநையைத் தாய் என்பர். அத்தாயின் மடியிலேயே கழிவைக் கொட்டுவர்! பொதிகையிற் பிறந்து, நெல்லை, தூத்துக்குடி நிலங்களை ஊட்டி, புன்னைக்காயலிற் கடல் சேரும் அவ்வாற்றைப் பாவநாசப் படித்துறையிற் காண்க! நீராடுவோருட் பலர் உடுத்த துணியை ஆற்றிலேயே களைந்து விடுகின்றனர். துணியோடு தீவினையும் போகுமாம்! எங்கே போகும்? அடுத்த ஊரின் குடிநீருக்கே!

முன்னோர் விட்டது பருத்தி; அது மட்கி மண்ணாயிற்று. இன்று விடுவதிற் பெரும்பகுதி செயற்கை இழை. அது எளிதில் மட்காது. நுண்துகளாய் நைந்து மீனின் வயிற்றுட் புகும். துணி மாறியும் சடங்கு மாறவில்லை!

மீன்பிடி துறைகளிலும் கேடு குறைவன்று. அறுத்தெறிந்த செயற்கையிழை வலை, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் கொல்லும். தூண்டிலின் ஈயக்குண்டை விழுங்கிய நீர்ப்பறவை நஞ்சேறி மாயும். குடியர் உடைத்த கண்ணாடிப் புட்டிலோ வலை இழுப்பவன் காலைக் கிழிக்கும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது. ஆணை ஏட்டில் இருக்கிறது. பை ஆற்றில் மிதக்கிறது! தடுக்கத் தவறுவது அரசின் குற்றமே. ஆயின், எறிந்த கை எவன் கை? அயலான் வந்தா எறிந்தான்? தமிழன் கையன்றோ அது!

கொற்கை முத்தாற் புகழ்பெற்ற கழிமுகத்துக்குக் கந்தலையா அனுப்புவது? துறைதோறும் துணித்தொட்டி வைப்பது அரசின் கடன். அதில் இடுவது மக்கள் கடன். பழவலையைக் கரைசேர்ப்பது மீன்பிடிப்போர் கடன். ஆற்றைத் தொழுதது போதும், இனிக் காத்திடுக!