ஸ்டெப்னி டயரில் ஊர் சுற்றிய கதை

2025 பிப்ரவரி 9 ஞாபகம் இருக்கா? பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்ஃபார்மரைத் தொட, இலங்கை முழுக்க கரண்ட் போச்சு. நாமும் மீம் போட்டுச் சிரிச்சுட்டு அடுத்த ரீலுக்குப் போயிட்டோம்.

ஒரு குரங்கு எப்படி ஒரு நாட்டையே அணைக்கும்? இ.இ.இ. பசங்களுக்காவது இந்தக் கேள்வி வந்திருக்கணும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை பகல். தேவை குறைவு, சோலார் அதிகம். சோலார் பேனலில் சுற்றுகிற ரோட்டர் இல்லை, அதனால் இனெர்ஷியாவும் இல்லை. அடி விழுந்தபோது ஃப்ரீக்வென்சியைத் தாங்கிப் பிடிக்கக் கனமான இயந்திரங்கள் போதவில்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் யூனிட்டுகளும் நின்றன. நிலக்கரி யூனிட் நின்றால் சுவிட்ச் போட்டதும் எழுந்து ஓடாது. அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

இங்கேதான் எல்லாரும் திட்டுகிற எண்ணெய் மின்நிலையத்துக்கு நான் வக்காலத்து வாங்குறேன். சப்புகஸ்கந்த நிலையத்தில் இருப்பவை டீசல் இன்ஜின்கள். பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சும் கெட்டி எண்ணெயைச் சூடாக்கி, இளக்கி எரிப்பவை. இந்த மாதிரி இன்ஜின்கள் சீக்கிரமே லோடு எடுக்கும். மழை பொய்த்தாலும் சரி, ராத்திரி ஆனாலும் சரி, டேங்கில் எண்ணெய் இருந்தால் ஓடும்.

அந்த "இருந்தால்"தான் சிக்கல். 2021 நவம்பரில் கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் அந்த ஆலையையே மூடினாங்க. 2022 மார்ச் கடைசியில் நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவு, எண்ணெயும் இல்லை. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டு. இன்ஜின் அங்கேயேதான் நின்றது!

தப்பு இன்ஜின் மேல் இல்லை. ஸ்டெப்னியை மாட்டி தினமும் ஆபீஸ் போனால் பஞ்சர் ஆகிற அன்றைக்கு என்ன செய்வீங்க? வறட்சி வந்தாலே எண்ணெய், புது நிலையம் தாமதமானாலும் எண்ணெய் என்று பல வருடம் ஓட்டினாங்க. கெரவலப்பிட்டியவின் 300 மெகாவாட் நிலையத்தை எல்.என்.ஜி.க்கு மாற்றும் பேச்சும் பேச்சாகவே ஓடுச்சு.

நான் கேட்பது இதுதான்: நிலையங்களை இடிக்காதீங்க, தினமும் ஓட்டவும் செய்யாதீங்க. டேங்கை நிரப்பி, இன்ஜினைப் பராமரித்து, சும்மா நிற்பதற்கும் காசு கொடுங்க. அந்தக் காசு கரண்ட் பில்லில்தான் வரும், மறைக்க வேண்டாம். போதுமான பேட்டரி வரும்வரை வேற வழி தெரியலை.

"எல்லாத்தையும் மூடிட்டு சோலார் போடுங்க"ன்னு ஹாஸ்டலில் யாராவது ஆரம்பிச்சா, மாலை ஏழு மணிக்கு லோடு கர்வ் எங்கே நிற்கும்னு மட்டும் கேட்டுப் பாருங்க.