மூக்கில் மாட்டும் உயிர்வாயுக் குழாய் - அது உறுத்தாமல் இருப்பது ஏன் முக்கியம்?

மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். காதுகளைச் சுற்றி வந்து, மூக்கில் இரண்டு சிறு முனைகளாக முடியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதன் பெயர் 'நேசல் கேனுலா'.

"இதுல என்ன பெரிய விஷயம்?" என்று தோன்றலாம். ஆனால் காது வலித்தால், மூக்கு எரிந்தால், நோயாளி அதைக் கழற்றி வைத்துவிடுவார். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எத்தனை மணி நேரம் போட வேண்டும்?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, ரத்தத்தில் உயிர்வாயு மிகவும் குறைந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் பரிந்துரைக்கப்படுகிறது.

காரணம், பிரிட்டனில் 1981இல் வெளியான ஓர் ஆய்வு. நாளுக்குக் குறைந்தது 15 மணி நேர உயிர்வாயுச் சிகிச்சையில் இருந்த 42 பேரில், 5 ஆண்டுகளில் 19 பேர் மாண்டனர். அந்தச் சிகிச்சை இல்லாத 45 பேரில் மாண்டவர்கள் 30 பேர்.

அதாவது, இங்கே மணி நேரமும் மருந்தின் அளவுதான். குழாய் உறுத்துதுன்னு தினமும் சில மணி நேரம் கழற்றி வைத்தால், மருந்தைப் பாதியில் நிறுத்துவது போல.

ஏன் உறுத்துகிறது?

- காது: குழாய் ஒரே இடத்தில் அழுத்தும். தோல் சிவந்து புண்ணாகலாம். நாள் முழுக்க முகக்கவசம் போட்ட காலம் நினைவிருக்கா? அதே வலிதான்.

- மூக்கு: சிலிண்டரில் இருந்து வரும் உயிர்வாயு உலர்ந்தது. மூக்கின் உட்பகுதி காய்ந்து எரியும், ரத்தமும் கசியலாம்.

- இழுப்பு: வீட்டில் நடக்கும்போது நீளமான குழாய் நாற்காலியில் சிக்கும், காலைத் தடுக்கும்.

மென்மையாகச் செய்தால் போதுமே?

அவ்வளவு சுலபம் இல்லை. ரொம்ப மென்மையாக இருந்தால் குழாய் மடிந்து, வாயு தடைபடும். முனை பெரிதானால் மூக்கு அடைத்தது போல இருக்கும். சிறிதானால் வாயு ஒரே இடத்தில் பீய்ச்சி அடிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும்.

கோவிட்-19 நோய்ப்பரவலின்போது பரவலாகப் பேசப்பட்ட 'ஹை-ஃபுளோ' கருவி இதில் ஒரு பாடம். சாதாரணக் குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் வரைதான் தருவார்கள். ஹை-ஃபுளோவில் 60 லிட்டர் வரை போகலாம். ஆனாலும் பலரால் தாங்க முடிகிறது. காரணம், அந்த வாயு உடல் வெப்பநிலைக்குச் சூடாக்கப்பட்டு, ஈரப்பதம் சேர்க்கப்பட்டு வருகிறது.

உங்கள் வீட்டில் யாராவது பயன்படுத்துகிறார்களா?

- முனைகள் வளைந்திருந்தால், வளைவு கீழ்நோக்கி இருக்கட்டும்.

- காதுக்குப் பின்னால் மென்மையான பஞ்சுறை வைக்கலாம். தோலைத் தினமும் பாருங்கள்.

- மூக்கு காய்ந்தால் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். நீர் கலந்த ஜெல் பற்றித் தாதியிடம் கேளுங்கள்.

- வாயுவின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அருகில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

பாட்டி குழாயைக் கழற்றி வைத்திருந்தால், "ஏன் கழட்டினீங்க?" என்று கோபப்படுவதற்கு முன்னால், "எங்க வலிக்குது பாட்டி?" என்று கேட்டுப்பாருங்கள். அவர் சொல்வதைத் தாதியிடம் சொல்லுங்கள். வேறு அளவு, வேறு வகைக் குழாய் கிடைக்கலாம்.